மின்னூல் துப்புரவில் நிரலுக்கு உரியதும் கண்ணுக்கு உரியதும்

மின்னூல் ஆக்கத்தில் பெரும்பகுதி நேரம் நூலை அழகுபடுத்துவதில் செலவாவதில்லை. பல கணினிகள், பல மென்பொருள்கள், பல தட்டச்சர்கள் எனக் கைமாறி வந்த கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேவையற்ற குறியீடுகளையும் பிழையான எழுத்துகளையும் அகற்றுவதிலேயே அது கரைகிறது. அச்சுக்காக வேர்டில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு, பழைய எழுத்துருக் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்ட உரை, வருடிய பக்கங்களிலிருந்து ஓசிஆர் (எழுத்துணரி) வழியாகப் பெறப்பட்ட உரை ஆகிய மூன்று வகைக் கோப்புகளோடும் சில ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். இந்த வேலையை எவ்வளவு தூரம் தானியக்கமாக்கலாம் என்ற கேள்விக்கு நான் வைத்திருக்கும் எல்லைக்கோடு இதுதான்: ஆசிரியரின் சொற்களைத் தொடாத துப்புரவு முழுவதையும் நிரலிடம் ஒப்படைத்துவிடலாம், சொற்களைத் தொடும் துப்புரவில் நிரல் ஐயப்பட்டியல் தயாரிக்கலாம், ஐயமான இடங்களில் முடிவெடுக்கக் கூடாது. கீழே சொல்லப்படும் நடைமுறைகள் அனைத்தும் இந்தக் கோட்டின் இரு புறங்களிலும் அமைந்தவை.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

இபப் என்ற மின்னூல் கோப்பு வடிவம் உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொதி. அதன் நீட்சிப் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்தால், இணையப் பக்கங்களைப் போன்ற எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகளும், அவற்றின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பும், படங்களும், இவை அனைத்தையும் எண்ணிப் பட்டியலிட்டு வாசிப்பு வரிசையைச் சொல்லும் ஓபிஎப் கோப்பும் இருக்கும். இபப் 2 என்ற வடிவம் 2007ஆம் ஆண்டிலும் இபப் 3 என்பது 2011ஆம் ஆண்டிலும் வந்தன. இந்தத் தரத்தைப் பேணிவந்த ஐடிபிஎப் அமைப்பு 2017இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்போடு இணைந்தது, இபப் 3.3 வடிவம் 2023இல் அந்தக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளியாயிற்று. தரம் திறந்த நிலையில் இருப்பதாலும், உள்ளே இருப்பவை வெறும் உரைக்கோப்புகளாக இருப்பதாலும், பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சாதாரண நிரலால் மின்னூல் முழுவதையும் படிக்கவும் மாற்றவும் முடிகிறது. தானியக்கம் என்ற பேச்சுக்கே இடம் கிடைப்பது இதனால்தான்.

பொதியை மீண்டும் கட்டும்போது ஒரு சிறு விதியை நினைவில் கொள்ள வேண்டும். மைம்டைப் என்ற சின்னஞ்சிறு கோப்பு ஜிப்புக்குள் முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும். கணினியில் உள்ள பொதுவான ஜிப் வசதியைக் கொண்டு கோப்புறையை அப்படியே சுருக்கினால் இந்த வரிசை பெரும்பாலும் கெட்டுவிடும். பல வாசிப்புச் செயலிகள் அதைப் பொறுத்துக்கொண்டாலும், சரிபார்ப்பில் அது பிழையாகவே வரும். பொதி கட்டும் படியை நிரலுக்குள் ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் பிறகு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

முதலில் கணக்கெடுப்பு

வேர்டிலிருந்து எச்டிஎம்எல் ஆகச் சேமித்த கோப்பைத் திறந்தால், ஒரு பத்திக்குள் உரைத்துண்டுகளைச் சுற்றி நிற்கும் பத்து ஸ்பான் டேக்குகளும் (குறியீடுகளும்), ஒவ்வொன்றிலும் எழுத்துரு, அளவு, நிறம், மொழி என்ற வரையறைகளும் குவிந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடத் தோன்றும். ஆனால் அந்தக் குவியலுக்குள்தான் ஆசிரியர் அழுத்தம் கொடுத்த சொற்களின் சாய்வெழுத்தும், மேற்கோள் பத்தியின் உள்தள்ளலும், தலைப்பு என்று எங்கும் குறிக்கப்படாமல் நடுவில் தடித்த எழுத்தில் நிற்கும் இயல் தலைப்பும் ஒளிந்திருக்கின்றன. எனவே எதையும் அழிப்பதற்கு முன், கோப்பு முழுவதிலும் உள்ள டேக், கிளாஸ் (பாணிப் பெயர்), உள்வரி வரையறை ஆகிய மூன்றின் சேர்க்கைகளையும் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை இடங்கள், இரண்டு மூன்று மாதிரி வாக்கியங்கள் எனப் பட்டியலிடும் ஒரு நிரலை எழுதி வைத்திருக்கிறேன். பைத்தானில் பியூட்டிஃபுல் சூப் அல்லது எல்எக்ஸ்எம்எல் நூலகத்தைக் கொண்டு சில பத்து வரிகளில் இதை எழுதிவிடலாம்.

இந்தப் பட்டியல்தான் வேலையின் மையம் என்று நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான டேக்குகளாகத் தோன்றியவை நாற்பது ஐம்பது சேர்க்கைகளாகச் சுருங்கிவிடும். அவற்றில் அடிக்கடி வருபவை உடல் பத்திகள். நடுத்தரமாக வருபவை துணைத் தலைப்புகள், மேற்கோள்கள், செய்யுள்கள். ஓரிரு முறை மட்டும் வருபவை பெரும்பாலும் தட்டச்சரின் கை தவறியதால் நேர்ந்தவை அல்லது அட்டைப்பக்க விவரங்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் எதிரே அது என்னவாக வேண்டும் என்று ஒரு சொல்லை நான் எழுதுகிறேன்: தலைப்பு, பத்தி, மேற்கோள், செய்யுள், அழுத்தம், நீக்கு. இரண்டாவது நிரல் இந்த அட்டவணையைப் படித்து, கோப்பு முழுவதும் மாற்றத்தை நிகழ்த்துகிறது. மனிதன் ஐம்பது முடிவுகளை எடுக்க, நிரல் அவற்றை ஆயிரக்கணக்கான இடங்களில் செயல்படுத்துகிறது. வேலைப் பங்கீடு நியாயமாக இருக்கிறது.

மூல ஆவணம் நன்றாக அமைந்திருந்தால், அதாவது வேர்டில் தலைப்புக்குத் தலைப்புப் பாணியும் மேற்கோளுக்கு மேற்கோள் பாணியும் பயன்படுத்தப்பட்டிருந்தால், பேன்டாக் என்ற கட்டளைவரிக் கருவி இந்தத் தொல்லையில் பெரும்பகுதியை நேரடியாகவே தீர்த்துவிடும். வேர்டு கோப்பிலிருந்து தூய்மையான எச்டிஎம்எல்லை அது தருகிறது. பாணிகளைப் பயன்படுத்தி எழுதப்பட்ட கோப்பு கிடைப்பது அரிது என்பது வேறு விஷயம்.

இத்தகைய கட்டமைப்பு மாற்றங்களுக்கு, எழுத்துக் கோலங்களை விதியாக எழுதித் தேடி மாற்றும் ரெஜெக்ஸைப் பயன்படுத்துவதை நான் தவிர்க்கிறேன். ஸ்பானுக்குள் ஸ்பான் அடுக்கப்பட்டிருக்கும்போது, எந்த மூடும் டேக் எந்தத் திறக்கும் டேக்குக்கு உரியது என்பது ரெஜெக்ஸுக்குத் தெரியாது. முடிந்தவரை நீளமாகப் பிடிக்கும் பேராசைத் தேடல் ஒரே பாய்ச்சலில் மூன்று பத்திகளை விழுங்கிவிடும். டேக்குகளை மரமாகப் படித்துப் புரிந்துகொள்ளும் நூலகத்திடம் கட்டமைப்பை விட்டுவிட்டு, டேக்குகளுக்கு இடையில் உள்ள வெற்று உரையில் மட்டும் ரெஜெக்ஸை இயக்கினால் பெரும்பாலான விபத்துகள் நேராமல் போகும். நிரல் எழுத விரும்பாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சிகில் என்ற இபப் திருத்தும் மென்பொருளில் தேடல்களைச் சேமித்து, குழுவாக்கி, ஒரே வரிசையில் மீண்டும் மீண்டும் இயக்கலாம். கேலிபர் என்ற மின்னூல் மென்பொருளின் திருத்தியில் தேடிக் கிடைத்த ஒவ்வொரு பகுதியையும் ஒரு சிறு பைத்தான் செயற்கூற்றிடம் கொடுத்து, அது திருப்பித் தருவதை அந்த இடத்தில் வைக்கும் வசதி உண்டு. வெறும் ரெஜெக்ஸால் சொல்ல முடியாத நிபந்தனைகளை இதில் சொல்லிவிடலாம்.

சொற்கள் மாறவில்லை என்பதற்குச் சான்று

கட்டமைப்புத் துப்புரவை அச்சமின்றி நிரலிடம் விடுவதற்கு ஒரு காவல் வேண்டும். துப்புரவுக்கு முன்னும் பின்னும் கோப்பிலிருந்து டேக்குகள் அனைத்தையும் உரித்துவிட்டு, இடைவெளிகளை ஒரே சீராக்கி, எஞ்சிய இரண்டு உரைகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதுதான் அந்தக் காவல். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆசிரியரின் ஓர் எழுத்தும் கெடவில்லை. இல்லையென்றால் நிரல் அந்த இடத்திலேயே நின்று வேறுபாட்டைக் காட்ட வேண்டும். இதோடு பத்திகளின் எண்ணிக்கை, படங்களின் எண்ணிக்கை, அடிக்குறிப்பு எண்களும் அடிக்குறிப்புகளும் ஒன்றுக்கொன்று ஈடாக உள்ளனவா என்பது, சாய்வெழுத்தில் இருந்த சொற்களின் தொகை ஆகியவற்றையும் ஒப்பிடுகிறேன். கடைசியாகச் சொன்னது முக்கியம். உரை அப்படியே இருந்தும் அழுத்தங்கள் மட்டும் காணாமற்போவது எளிதில் நிகழக்கூடியது. படித்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது.

இந்தச் சோதனையை முன்னிட்டே, கட்டமைப்பை மாற்றும் படியையும் உரையைத் திருத்தும் படியையும் ஒருபோதும் ஒரே ஓட்டத்தில் கலப்பதில்லை. கலந்துவிட்டால் ஒப்பீட்டில் வரும் வேறுபாடு வேண்டுமென்றே செய்ததா, தவறி நேர்ந்ததா என்று சொல்ல முடியாமற்போகும்.

தமிழ் எழுத்துகளுக்கே உரிய சிக்கல்கள்

உரைத் திருத்தத்தின் முதல் படி யூனிகோடின் இயல்பாக்கம். ‘கொ’ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் நூலுக்குள் ஒரு சொல்லைத் தேடும் வாசகருக்குச் செயலியைப் பொறுத்துப் பாதி இடங்கள் கிடைக்காமற்போகலாம். என்எப்சி எனப்படும் இயல்பாக்கம் இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். பைத்தானில் அது ஒரே வரி வேலை. தமிழைப் பொறுத்தவரை இது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளையும் ஔ என்ற உயிரெழுத்தையும் மட்டுமே பாதிக்கிறது. பொருள் மாறும் அபாயம் இல்லாததால் இதை நிரலிடமே விடலாம்.

ஔகாரத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘மௌனம்’ என்பதில் வலப்பக்கம் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டச்சு செய்வது மிகப் பரவலான பழக்கம். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட உரைகளில் இது ஏராளமாக வரும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, இயல்பாக்கமும் இதைத் தீர்க்காது. ஏனெனில் கணினியின் பார்வையில் அது முறையாக எழுதப்பட்ட ‘மெ’யும் ‘ள’வும்தான். கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் ஔகாரமாக மாற்றும்படி ஒரு விதி எழுதினால் ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’ என எல்லாம் சிதைந்துவிடும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் எடுத்தால் பட்டியல் பெருமளவு சுருங்கும். கௌரவம், வௌவால், சௌந்தரம் போன்ற சொற்கள் அதில் வந்து நிற்கும். அதன்பிறகும் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்த்தே ஒப்புதல் தருகிறேன். ஒகரமும் ளகரமுமாக எழுதப்பட்ட ‘ஔவை’க்கும் இதே முறைதான், ‘ஒளி’யைத் தொடாமல் அதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடிக்க அகராதியே தேவைப்படாத ஒரு சோதனையும் உண்டு. உயிர்க்குறியும் புள்ளியும் ஒரு மெய்யெழுத்து வடிவத்தைத் தொடர்ந்தே வர முடியும். சொல்லின் தொடக்கத்திலோ, உயிரெழுத்துக்குப் பின்னோ, இன்னொரு குறிக்குப் பின்னோ அவை வந்தால் அது ஐயமின்றிப் பிழை. இயல்பாக்கத்துக்குப் பிறகு இந்த ஒரு விதியைக் கொண்டு தேடினால், எழுத்துரு மாற்றத்தில் இடம் மாறிய கொம்புகளும், இரட்டித்த புள்ளிகளும், திரையில் புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கும் துணைக்கால்களும் ஒரே பட்டியலில் வந்துவிடும். மாறாக, துணைக்காலுக்குப் பதில் ரகரமோ ரகரத்துக்குப் பதில் துணைக்காலோ வந்திருக்கும் பிழைகளில் பல இதில் அகப்படா. அவற்றுக்கு, நூலில் ஒரே ஒருமுறை மட்டும் வரும் சொற்களை அகரவரிசையில் எடுத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைப் பொத்தாம்பொதுவாக அழிப்பது தமிழில் பாதுகாப்பானதன்று. அகலமற்ற இடைவெளியையும், வரி உடையும்போது மட்டும் தெரியும் மென்கோட்டுக்குறியையும் நீக்கிவிடலாம். ஆனால் அகலமற்ற இணைப்புத்தடையைச் சிலர் ககர ஒற்றும் ஷகரமும் கூட்டெழுத்தாகச் சேர்ந்துவிடாமல் பிரித்துக் காட்டுவதற்காக வேண்டுமென்றே இட்டிருப்பார்கள். அந்த ஓர் இடத்தை விலக்கிவிட்டு மற்றவற்றை நீக்குவது என் வழக்கம். ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கும் இதேபோன்ற கவனம் தேவை. ஶகரம் 2005இல்தான் யூனிகோடில் சேர்க்கப்பட்டது; எனவே ஸகரத்தில் தொடங்கும் பழைய வடிவமும் ஶகரத்தில் தொடங்கும் வடிவமும் ஒரே நூலுக்குள் கலந்திருக்கலாம். எதை வைத்துக்கொள்வது என்பதைவிட, நூல் முழுவதும் ஒன்றையே வைத்துக்கொள்வதுதான் தேடலுக்கு முக்கியம்.

ரெஜெக்ஸைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். பைத்தானின் இயல்பான ரெஜெக்ஸ் நூலகம் உள்ளிட்ட பல கருவிகள் தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை. ‘பல’ என்பதை முழுச்சொல்லாகத் தேடும்படி சொன்னாலும், அகரமேறிய லகரத்தோடு சொல் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, ‘பலா’, ‘பலி’, ‘பல்’ ஆகியவற்றின் முதற்பகுதியையும் அது பிடித்துக்கொள்ளும். முழுச்சொல் எல்லைக் குறியைக் கைவிட்டு, முன்னும் பின்னும் தமிழ் யூனிகோடு வரம்புக்குள் உள்ள எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்று நேரடியாக எழுதுவதே நம்பகமான வழி. ஆங்கில மின்னூல்களுக்காக எழுதப்பட்டு இணையத்தில் கிடைக்கும் ஆயத்த விதித்தொகுப்புகளைத் தமிழ்க் கோப்பில் அப்படியே இயக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

ஓசிஆர் உரையில் வரிகளை இணைத்தல்

வருடிய நூல்களிலிருந்து கிடைக்கும் உரையில் ஒவ்வோர் அச்சு வரியும் தனி வரியாக நிற்கும். அவற்றைப் பத்திகளாக இணைப்பது ஆங்கிலத்தில் ஓரளவு எளிது. வரியின் இறுதியில் சொல் உடைந்தால் அங்கே ஒரு சிறு கோடு இருக்கும். பழைய தமிழ் அச்சு நூல்கள் பலவற்றில் அந்தக் கோடே இருக்காது. வரி முடியும் இடத்தில் சொல் எங்கே முறிந்தாலும் மீதி அடுத்த வரியில் தொடரும். வரிகளை இடைவெளியோடு இணைத்தால் சொற்கள் இரண்டாக உடையும். இடைவெளியின்றி இணைத்தால் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு சிக்கலுக்குத் தீர்வு தேடியதில்தான் தமிழ் இலக்கணம் நிரலாக்கத்துக்கு எவ்வளவு துணையாக நிற்கிறது என்பதை உணர்ந்தேன்.

மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எவை, வாரா எழுத்துகள் எவை என்று பள்ளியில் படித்த பகுதி இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. அடுத்த வரி புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்கினால் அது முந்தைய வரிச் சொல்லின் தொடர்ச்சிதான். விதிவிலக்காக எஞ்சுபவை ஸ்தலம், ப்ரியம் போன்ற கிரந்த, வடசொல் வழக்குகளும் ஆங்கிலச் சொற்களும் மட்டுமே. ணகரம், னகரம், ழகரம், ளகரம், றகரம் ஆகியவற்றில் தொடங்கினாலும் அப்படியே. இந்த விதிகளால் தீரும் இடங்கள் கணிசமானவை.

தீராத இடங்களுக்கு நூலையே அகராதியாகக் கொள்கிறேன். வரியின் கடைசித் துண்டையும் அடுத்த வரியின் முதல் துண்டையும் சேர்த்து உருவாகும் சொல், வரி நடுவில் நூலின் வேறெங்காவது வந்திருக்கிறதா என்று நிரல் பார்க்கிறது. வந்திருந்து, இரண்டு துண்டுகளும் தனிச்சொற்களாக வந்திராவிட்டால் இணைத்துவிடலாம். சேர்ந்த வடிவம் எங்கும் வராமல், துண்டுகள் இரண்டும் தனித்தனியே வந்திருந்தால் இடைவெளி விடலாம். இரண்டும் உண்டு அல்லது இரண்டும் இல்லை என்றால் அது ஐயப்பட்டியலுக்குப் போகிறது. வெளியிலிருந்து ஒரு பொது அகராதியைக் கொண்டுவருவதைவிட இது மேலானது. ‘வந்துவிட்டான்’ என்று சேர்த்தெழுதும் ஆசிரியரும் உண்டு, ‘வந்து விட்டான்’ என்று பிரித்தெழுதும் ஆசிரியரும் உண்டு. இருவரையும் ஒரே அச்சில் வார்ப்பது துப்புரவாளரின் வேலையன்று. நூலையே சான்றாகக் கொள்ளும்போது அந்தந்த ஆசிரியரின் வழக்கம் தானாகவே காப்பாற்றப்படுகிறது. வல்லின ஒற்றில் முடியும் வரிதான் மிகக் கடினம்: ககர ஒற்றில் வரி முடிந்து ககரத்தில் அடுத்த வரி தொடங்கினால், அது ஒரே சொல்லுக்குள் உள்ள இரட்டிப்பாகவும் இருக்கலாம், இரண்டு சொற்களுக்கு இடையிலான சந்தியாகவும் இருக்கலாம். ஐயப்பட்டியலின் பெரும்பகுதியை இவைதான் நிரப்புகின்றன.

வரிகளை இணைக்கும் முன்பே பக்க எண்களையும் பக்கத்தலைப்புகளையும் நீக்க வேண்டும். இணைத்தபின் அவை வாக்கியங்களின் நடுவில் புதைந்துவிடும். பக்கம் மாறும் இடத்தில் ஒரு மறைகுறியை விட்டுவைத்தால் ஐயம் வரும்போது வருடிய பக்கத்தை உடனே திறந்து ஒப்பிடலாம். இபப் 3இல் அச்சுப் பக்க எண்களைக் குறிப்பதற்கே முறை இருப்பதால், மேற்கோள் காட்ட விரும்பும் ஆய்வாளர்களுக்காக அந்தக் குறிகளை இறுதி நூலிலும் வைத்துக்கொள்ளலாம். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவை பழைய வடிவில் இருக்கும். ஓசிஆர் அவற்றைப் பெரும்பாலும் ஒரே விதமாகவே தவறாகப் படிப்பதால், பிழைகளின் பட்டியலைத் தயாரிப்பது அந்த அளவுக்கு எளிது.

செய்யுளை மட்டும் இந்த இணைப்பிலிருந்து முன்கூட்டியே காப்பாற்றிவிட வேண்டும். குறுகிய வரிகள் தொடர்ந்து வரும் இடங்களைச் செய்யுளாக இருக்கலாம் என்று நிரல் சுட்டலாம். ஆனால் நாடக உரையாடலும் குறுகிய வரிகளாகத்தான் வரும் என்பதால் முடிவை நான்தான் எடுக்கிறேன். பாட்டின் சீர் பிரிப்பைத் தொடும் எந்த விதியும் என் தொகுப்பில் இல்லை.

தோற்றம்

சிஎஸ்எஸ்ஸைப் பொறுத்தவரை, வந்த கோப்பில் இருப்பதைச் சீர்செய்வதைவிட முழுவதையும் எறிந்துவிட்டு, எல்லா நூல்களுக்கும் பொதுவான ஒரு சிறிய கோப்பை வைப்பதே எளிது. எழுத்தளவைப் புள்ளியளவில் வரையறுக்கக் கூடாது. வாசகர் தாம் விரும்பிய அளவை வைத்துக்கொள்ள முடியாமற்போகும். எழுத்துக்குக் கறுப்பு நிறம் என்று வேர்டு எழுதிவைத்திருக்கும் வரையறையைக் கட்டாயம் நீக்க வேண்டும். இரவு நேரக் கருந்திரையில் கறுப்பு எழுத்துகள் மறைந்துபோவதற்கு அதுவே காரணம். வரி உயரம் குறிப்பிட்ட புள்ளியளவில் கட்டப்பட்டிருந்தால் எழுத்தைப் பெரிதாக்கும்போது மேலே வரும் இகர, ஈகாரச் சுழிகளும் கீழே இறங்கும் உகர, ஊகாரக் கோடுகளும் அடுத்த வரியோடு மோதும். ஆங்கில நூல்களில் அழகாகத் தோன்றும் எழுத்து இடைவெளி விரிப்பும் இயலின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரமும் தமிழில் உயிர்மெய்யைப் பிளந்துவிடக்கூடும். சில செயலிகள் ககரத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் துணைக்காலைச் சிறிதாகவே விட்டுவிடும். இரு ஓரங்களையும் சமன்செய்வதும் தமிழின் நீண்ட சொற்களுக்கு ஒவ்வாது. கைப்பேசியின் குறுகிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களே அடங்குவதால் நடுவில் பெரிய வெற்றிடங்கள் விழும். இடப்பக்கச் சீரே போதும் என்பது என் கருத்து. அச்சுப் பழக்கம் உள்ள ஆசிரியர்கள் சிலர் இதை ஏற்பதில்லை.

அடிக்குறிப்புகள், பொருளடக்கம் ஆகியவற்றில் சொல்வதற்கு அதிகமில்லை. தலைப்புகள் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால் சிகிலும் கேலிபரும் பொருளடக்கத்தைத் தாமே உருவாக்கும். அடிக்குறிப்புகளை இபப் 3 சொல்லும் முறையில் குறித்தால், பல செயலிகளில் அவை தொட்ட இடத்திலேயே சிறு சாளரமாக விரியும். நூலைப் பற்றிய விவரங்களைத் தாங்கும் மெட்டாடேட்டாவில் மொழி தமிழ் என்று தவறாமல் குறிக்க வேண்டும். வாய்விட்டுப் படிக்கும் வசதியும் எழுத்துருத் தேர்வும் அதைச் சார்ந்தே இயங்குகின்றன. நூலின் அடையாள எண்ணைத் திருத்திய பதிப்புகளில் மாற்றாமல், திருத்திய நாளை மட்டும் மாற்ற வேண்டும்.

தொடர் ஓட்டமாகக் கோத்தல்

இந்தப் படிகள் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு நிரலாக வைத்து, எண்ணிட்ட வரிசையில் இயக்குகிறேன். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் வெளியீட்டை எடுத்துத் தன் வெளியீட்டைத் தனிக் கோப்புறையில் வைக்கிறது. மூலக் கோப்பை எந்தப் படியும் மாற்றுவதில்லை. நூலுக்கு நூல் மாறுபடும் முடிவுகளை, அதாவது கணக்கெடுப்பு அட்டவணை, ஒப்புதல் தந்த ஔகாரத் திருத்தங்கள், வரி இணைப்பின் ஐயத் தீர்ப்புகள், விதிவிலக்குச் சொற்கள் ஆகியவற்றை, நிரலுக்குள் எழுதாமல் அந்த நூலின் கோப்புறையில் வெற்று உரைக்கோப்புகளாக வைப்பது அவசியம். ஆசிரியர் பின்னாளில் திருத்திய மூலத்தை அனுப்பினால், நிரல்தொடரை மீண்டும் ஓட்டுவதே போதும். முன்பு எடுத்த முடிவுகள் அனைத்தும் தாமாகவே அமலாகும், புதிய ஐயங்கள் மட்டும் பட்டியலில் வரும். முடிந்த இபப்பைச் சிகிலில் திறந்து கையால் இரண்டு திருத்தங்கள் செய்துவிடும் ஆசை அடிக்கடி எழும். அந்தத் திருத்தங்கள் அடுத்த ஓட்டத்தில் அழிந்துவிடும் என்பதால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அவற்றை மூலத்திலோ விதிவிலக்குக் கோப்பிலோதான் எழுத வேண்டும். எல்லாவற்றையும் கிட் என்ற மாற்றப் பதிவுக் கருவியில் பதிந்து வைத்தால் எந்த மாற்றம் எப்போது ஏன் வந்தது என்று திரும்பிப் பார்க்கலாம்.

ஒரே ஒரு நூலுக்காக இவ்வளவையும் எழுதுவது வீண். ஒரு நூல் மட்டும் என்றால் கேலிபரின் திருத்தியும் சேமித்த சில தேடல்களும் போதும். ஒரே ஆசிரியரின் தொகுப்போ, ஒரே தட்டச்சரிடமிருந்து வந்த வரிசையோ கையில் இருக்கும்போதுதான் நிரல்தொடர் பயன் தரத் தொடங்குகிறது. ஒருவர் செய்யும் பிழைகள் எல்லா நூல்களிலும் அதே விதமாகத் திரும்ப வருவதால், மூன்றாவது நான்காவது நூலுக்குள் விதிகள் படிந்துவிடுகின்றன.

கடைசிப் படியில் இபப்செக் என்ற சரிபார்ப்புக் கருவி தானாக இயங்கி, பிழை இருந்தால் பொதியை வெளியிட மறுக்கும்படி அமைத்திருக்கிறேன். மாற்றுத்திறன் வாசகர்களுக்கு நூல் எந்த அளவு உகந்தது என்பதைப் பார்க்க டெய்சி அமைப்பின் ஏஸ் கருவியும் உண்டு. கிண்டிலுக்கெனத் தனி வடிவம் தயாரிக்கும் தேவையும் இப்போது இல்லை. 2022 முதல், நூலைக் கருவிக்கு அனுப்பும் அதன் சேவை இபப்பையே ஏற்றுக்கொள்கிறது. இபப்செக் பிழையில்லை என்று சொல்வதன் பொருள் கோப்பு தரத்துக்கு உட்பட்டிருக்கிறது என்பது மட்டுமே. மேற்கோள் பத்தி தலைப்பாக மாறியிருந்தாலும், செய்யுள் உரைநடையாக இணைந்திருந்தாலும் அது எதுவும் சொல்லாது. எனவே ஒவ்வொரு நூலிலும் முதல் இயல், அடிக்குறிப்பு மிகுந்த ஓர் இயல், செய்யுள் வரும் ஒரு பகுதி, கடைசிப் பக்கங்கள் ஆகியவற்றைக் கணினியில் தோரியம் வாசிப்புச் செயலியிலும், ஒரு கைப்பேசியிலும், கிண்டில் போன்ற ஒரு மின்மைத் திரைக் கருவியிலும் திறந்து, எழுத்தளவை மிகப் பெரிதாக்கியும் கருந்திரைக்கு மாற்றியும் பார்த்த பிறகே கோப்பை ஆசிரியருக்கு அனுப்புகிறேன். ஐயப்பட்டியலில் நான் தீர்க்காமல் விட்ட இடங்களையும் வருடிய பக்க எண்களோடு அதனுடன் இணைத்துவிடுகிறேன்.